மொட்டைமாடியில் மலைப்புல்

என் அம்மாவுக்குப் புல் அறுக்கிற வேலை என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த வயது எனக்கு.

அம்மா தாவரவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நீலகிரியில் ஒரு புல்வெளியைத் துண்டுகளாகப் பிரித்து, சிலவற்றில் எருமைகளை அளவாக மேயவிட்டு, சிலவற்றை வருஷத்துக்கு ஒருமுறை அறுத்து, மீதியை வேலி போட்டு யாரும் தொடாமல் விட்டிருந்தாள். எங்கே செடி வகைகள் அதிகம், எங்கே விளைச்சல் அதிகம் என்பதுதான் கேள்வி. அதற்காக அடிக்கடி மலைக்குப் போய்விடுவாள். அந்த நாட்களில் என்னைப் பார்த்துக்கொண்டது, அதே அடையாறு வீட்டின் மாடியில் குடியிருந்த பெரியம்மா. புல்லுக்கு ஒரு படிப்பா என்று கேட்டுக்கொண்டே தலைவாரி விடுவாள். சிக்கெடுக்கும் வேகத்திலேயே அவள் கருத்து எனக்கு விளங்கிவிடும்.

ஆராய்ச்சியின் முடிவில் எல்லாத் துண்டுகளிலிருந்தும், வேலிக்குள் இருந்தும்கூட, மாதிரிக்கு அறுத்த புல், காகிதப் பைகளில் ஒரு மே மாதம் வீட்டுக்கு வந்தது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் எடை பார்க்க முடியும். நனைந்தால் பூஞ்சை பிடித்து, அத்தனை உழைப்பும் வீண். மொட்டைமாடியில் ஒரு பாதி அம்மாவின் பைகள், மறுபாதி பெரியம்மாவின் கூழ்வத்தல். நடுவில் நாற்காலிகளைப் போட்டு எல்லை வகுத்தவள் பெரியம்மாதான்.

அம்மா கல்லூரிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் வானம் சட்டென்று கருத்தது. நானும் பெரியம்மாவும் மேலே ஓடினோம். தூறல் விழுந்துவிட்டது. நான் வத்தல் காயும் வேட்டியின் முனையைப் பிடித்தேன். பெரியம்மா என் கையை விலக்கினாள்.

"அத வுடு. உங்கம்மா பையை எடு. மேல எழுதினது அழியாம புடி."

முந்தானையால் பைகளை மூடிக்கொண்டு அவள் ஏறி இறங்கினாள். கடைசிப் பை உள்ளே வந்தபோது மழை கொட்டியது. வத்தல் மறுபடி கூழாகி, தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது.

தொப்பலாக நனைந்து ஓடிவந்த அம்மா, பெரியம்மாவின் கட்டிலில் மின்விசிறிக்கு அடியில் பைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அக்கா, உங்க வத்தல்..."

"அரிசி கடையில கெடைக்கும்" என்றாள் பெரியம்மா.

எடை பார்த்ததில் வேலிக்குள் இருந்த புல்தான் கனம். ஆனால் உயர்ந்து வளர்ந்த ஓரிரு வகைகள் மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டிருந்தன. மேய்ந்த, அறுத்த இடங்களில் எடை குறைவு. அங்கேதான் சின்னச் சின்னப் பூச்செடிகள் பல வகை. அம்மா அதைச் சொல்லும்போது முகம் ஜொலித்தது.

பெரியம்மா அதைத் தெருவெல்லாம் சொன்னாள். மீன்கார அம்மா கூடையை இறக்கியதும் முதல் பேச்சு அதுதான்.

"எங்க வூட்டுப் பொண்ணு மலையையே அளந்துட்டு வந்துகீறா."

அவள் என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, நான் வாசலில் இன்னும் நிமிர்ந்து நின்றேன்.