இளநீரும் குளிசையும்

போன வருசம் கந்தசஷ்டி விரத நேரம் நடந்தது. புலம்பெயர்ந்த எங்கடை ஆக்களின்ரை கடைத்தெரு லா சப்பலிலை ஒரு மரக்கறிக்கடை வாசல்.

எனக்கு இருதயம் பலவீனம். கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும். டொக்டர் நீர் போற குளிசை ஒண்டு தந்தவர். வீக்கம் வத்தினது, படி ஏறினன். இடைக்கிடை இரத்தம் சோதிக்கவும் சொன்னவர். சுகம்தானே எண்டு போகேல்லை.

விரதத்துக்கு நான் சோறு தொடமாட்டன். இளநீரும் வாழைப்பழமும்தான். குளிசையை மட்டும் விடேல்லை. மருந்தாலை விரதம் முறியாது எண்டு என்ரை மனிசி சொன்னவ.

விரதம் முடியக் கிட்ட, இளநீர் வாங்கப் போன இடத்திலை கால் ரெண்டும் சோர்ந்துபோச்சு. வாசலிலை கிடந்த வெங்காயப் பெட்டியிலை இருந்திட்டன்.

"என்ன அண்ணை, இளநீரும் வெறிக்குமோ?" எண்டார் கடைக்காரர். சிரிக்கவும் எனக்குப் பலமில்லை.

மீன் பையோடை ஒரு பொம்பிளை நிண்டா. முன்பின் தெரியாதவ. "நான் நேர்ஸ் அண்ணை, கையைத் தாங்கோ" எண்டா. என்ரை திருநீற்றைப் பாத்திட்டுத் தயங்கினா. "நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவள். கையெல்லாம் மீன். விரதம் போலை, தொடலாமோ?"

"பிடியுங்கோ" எண்டன்.

நாடி பிடிச்சா. நாடி விட்டு விட்டு அடிக்குது எண்டா. என்ன மருந்து எண்டு கேட்டா. பொக்கற்றிலை இருந்த குளிசை அட்டையைக் காட்டினன்.

"இதோடை இளநீரோ? ஐயோ அண்ணை!"

உடனை அம்புலன்சுக்கு அடிச்சா. கடைக்காரர் தெம்புக்கு எண்டு வெட்டி நீட்டின இளநீரைத் தள்ளிவிட்டா.

அம்புலன்ஸ் வரும்வரைக்கும் அவ சொன்னது இதுதான். இரத்தத்திலை பொட்டாசியம் எண்டு ஒரு உப்பு இருக்கு. கனக்க நீர்க்குளிசையள் அதையும் தண்ணியோடை வெளியேத்தும். இந்தக் குளிசை தண்ணியை விட்டிட்டு அதைப் பிடிச்சு வைக்கும். இளநீரிலையும் வாழைப்பழத்திலையும் அது நிறைய. அளவு மிஞ்சினால் இருதயம் நிண்டிடும்.

அவ என்ரை கையை விடேல்லை. ஐஸ் மீன் கரைஞ்சு பையாலை ஒழுகினது.

ஆஸ்பத்திரியிலை மருந்து ஏத்திப் பொட்டாசியத்தை இறக்கினவை. கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் எண்டு சொன்னவை. குளிசையை நிப்பாட்டி, பிறகு பாதியாய்த் தந்தவை. இப்ப இரத்தச் சோதனைக்குத் தவறாமல் போறன். இந்த வருசம் டொக்டரைக் கேட்டு, ஒருநேரச் சோத்தோடைதான் விரதம். முருகன் ஒண்டும் சொல்லேல்லை.

அவவின்ரை பேரை நான் கேக்கேல்லை. அண்டைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலை என்ரை மணிக்கட்டு மீன் மணந்தது. அந்த விரதத்திலை எனக்குக் கிடைச்ச பிரசாதம் அதுதான் எண்டு இண்டைக்கும் நினைக்கிறன்.