ஏற்றத்தில் இறங்கிய முள்

நான் மூன்றாம் வகுப்பு படித்த காலத்தில் சுந்தரபாண்டியபுரத்தில் எங்கள் தெருவில் கியர் வண்டி ஓட்டிய ஒரே பெண் என் அம்மாதான். ராணுவத்தில் இருந்த அப்பா, விடுமுறையில் ஆசையாக வாங்கிய, கம்ப்யூட்டர் வைத்துப் பெட்ரோல் பாய்ச்சும் எஃப்.ஐ. பைக் ஒன்றரை வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. போலீஸ் வேலை கிடைத்து அம்மாவைக் குற்றாலத்தில் போட்டதும், அவள் தார்ப்பாயை உருவிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். காக்கி உடுப்போடு அவள் புறப்படும்போது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணுவதற்காகவே நான் வாசலில் நிற்பேன்.

அந்தச் சீசனில் வண்டி காலை வாரியது. சமதரையில் நன்றாக ஓடும். ஐந்தருவிச் சாலையில் ஏறும்போது பாதியில் திணறி அணைந்துவிடும். சற்று நிறுத்தி வைத்தால் மறுபடியும் ஸ்டார்ட் ஆகும். அம்மா இரண்டு முறை பணிக்குப் பிந்திப் போனாள். இன்ஸ்பெக்டர் எழுத்தில் விளக்கம் கேட்டுவிட்டார்.

பெரியப்பாவுக்கு இது போதுமானதாக இருந்தது. "பொம்பளைக்கு ஒரு ஸ்கூட்டர் போதாதாம்மா? ஞாயித்துக்கெழம புளியங்குடிலேருந்து வண்டிய வாங்க ஆள் வாரான். குடுத்துருவோம்" என்றார்.

சனிக்கிழமை பணி முடிந்து வந்த அம்மா, உடுப்பைக்கூட மாற்றாமல் என்னையும் ஏற்றிக்கொண்டு தென்காசி மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனாள். அவர் ஏற்கெனவே பிளக்கை மாற்றிப் பார்த்திருந்தார். இப்போது, வண்டியின் கம்ப்யூட்டர்தான் போயிருக்கும் என்றார்.

"பெட்ரோல் பிரஷர் பாத்தீங்களா அண்ணாச்சி?"

அவர் டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவே கடிகாரம் போன்ற மீட்டர் ஒன்றை மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்தார். முள் நாற்பத்து மூன்றில் போய் அசையாமல் நின்றது.

"பாருங்க, ஒரு கொறையும் இல்ல."

"நிக்கும்போது அது எப்பவும் நல்லாத்தான் இருக்குது. ஏத்தத்துலதான சாவுது? அப்ப ஏத்தத்துல வச்சுல்லா பாக்கணும்" என்றாள் அம்மா. "நான் ஓட்டுதேன். நீங்க பின்னால ஏறி முள்ளைப் பாருங்க."

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டே எதிர் டீக்கடையைப் பார்த்தார். "நான் ஏறுனா நல்லாருக்காதும்மா. பாப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டுந்தான் என் காதில் விழுந்தது. மீட்டரின் நீளக் குழாயைச் சூடு படாமல் சீட்டோரமாகக் கட்டி, மீட்டரை என் கையில் கொடுத்தார்கள். உலகத்தில் அப்போது என்னைவிடப் பெரிய அதிகாரி யாரும் இல்லை.

சாரல் அடித்தது. "நம்பரை மட்டும் சொல்லிக்கிட்டே வா" என்றாள் அம்மா. குற்றாலம் வரை நாற்பத்து மூன்று. ஐந்தருவி ஏற்றத்தில் அவள் முறுக்கியதும் முள் நகர்ந்தது. நாப்பது என்று கத்தினேன். முப்பத்தி நாலு. இருபத்தி எட்டு. இருபது. வண்டி உதறி நின்றுவிட்டது. நான் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் சொன்ன எண்களை வரிசையாகத் தன் உள்ளங்கையில் எழுதினாள்.

வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆனதும் கடைக்குத் திரும்பி, அந்தக் கையைத்தான் அண்ணாச்சியிடம் நீட்டினாள். அவர் எண்களைப் படித்துவிட்டு டாங்கைக் கழற்றினார். உள்ளேயிருந்த பம்பின் அடியில் வடிகட்டி முழுக்கத் துருச்சேறு அப்பியிருந்தது. ஒன்றரை வருடம் சும்மா நின்றதன் பலன்.

"நிக்கையில எஞ்சினுக்குக் கொஞ்சமாத்தான் பெட்ரோல் வேணும், அது வந்துருது. ஏத்தத்துல கூடக் கேக்கும், இந்த அழுக்கைத் தாண்டி வரல" என்றவர், தலையைத் தூக்காமலே, "நான்தாம்மா தப்பாப் பாத்துட்டேன்" என்றார்.

டாங்கைக் கழுவிப் புது வடிகட்டி போடுவதற்குள், அம்மா பெரியப்பாவுக்குப் போன் செய்து புளியங்குடி ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மறுபடியும் ஏற்றத்தில் பார்க்க வேண்டும். மீட்டருக்காக நான் கையை நீட்டினேன். அண்ணாச்சி அதைத் தானே எடுத்துக்கொண்டார். "பாப்பா இங்கன இரு" என்று என்னைத் தன் கடை வாசலில் விட்டு, எதிர் டீக்கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அம்மாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் பார்த்தார்கள். தெரு முனை திரும்பும்வரை அம்மாவின் முதுகு கம்பிபோல் நிமிர்ந்திருந்தது.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி டீக்கடையைப் பார்த்து, யாரும் கேட்காமலே, "உச்சி வரைக்கும் நாப்பத்தி மூணு. அசையல. அம்மாதான் கண்டுபிடிச்சாங்க" என்றார்.

நான் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஏதோ ஒரு நம்பரை நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அதனால்தான் அண்ணாச்சி என் இடத்தில் ஏறிக்கொண்டார் என்று வெகுநாள் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.