வானொலியில் காளியாயி பாடிய இரண்டு பாட்டு

காளியாயி என்ற பெயரை நாகலெட்சுமி முதன்முதலாகக் கேட்டது எந்த மனிதர் வாயிலிருந்தும் இல்லை. நோட்டன் பிரிட்ஜில் மரியநாயகத்தின் தேத்தண்ணிக் கடையில் இருந்த வானொலிப் பெட்டிதான் அந்தப் பெயரைச் சொன்னது. ஆற்றில் அணை வேலை நடந்து முடிகிற காலம். பேட்டரியில் ஓடுகிற பெட்டி அந்தக் கடைத்தெருவுக்கே அது ஒன்றுதான் என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி ஊர் அங்கே உட்கார்ந்திருக்கும்.

அன்றைக்கு மலைநாட்டுக் குழுக்களுக்கென்று அரை மணி நேரம் பாட்டு வைப்பார்கள். தோட்டத்துப் பஜனைக் கோஷ்டி, கல்யாணத்துக்கு வாசிக்கிற செட்டு, திருவிழாவில் ஆர்மோனியம் வைத்துப் பாடுகிறவர்கள், யாராயிருந்தாலும் சரி. வானொலிக்காரர்கள் வேனில் ஹட்டனுக்கு வந்து, பாட்டை ஒலிநாடாவில் பிடித்துக்கொண்டு போவார்கள். தெரிந்தவன் குரல் வருமா என்று காத்திருப்பதுதான் கடையில் இருக்கிறவர்களுக்குப் பெரிய வேடிக்கை.

"அடுத்து வட்டவளை மலையருவிக் குழுவினர். பாடுபவர் காளியாயி" என்றது பெட்டி.

முதலில் தப்புப் பறையின் அடி மெதுவாக விழுந்தது. பிறகு ஆர்மோனியம். அதற்கு மேலே ஒரு பெண் குரல் எழுந்தது. ஒப்பாரி.

*கவ்வாத்துக் கத்தி பட்டு*
*கட்டவெரலு நுனி போச்சே,*
*சீலையக் கிழிச்சுக் கட்டி*
*விடியவெச்சேன் மடியில் ஒன்ன,*
*ஆத்துத் தண்ணி கொண்டுபோச்சே*
*அடையாளம் யாரு பாத்தா?*

"யாரு பெத்த புள்ளயோ, பாவம்" என்று மரியநாயகம் சீனிக் கரண்டியோடு நின்றுவிட்டார். நாகலெட்சுமி தன் புருஷன் பக்கம் திரும்பினாள். சோலைமலையின் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. கோப்பையைப் பிடித்திருந்த வலது கட்டைவிரலுக்கு நுனி இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்டுப் போனது என்று கல்யாணமான புதிதில் அவனே சொல்லியிருக்கிறான்.

பாட்டு முடியுமுன்னே சோலைமலை கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனான். பாதித் தேத்தண்ணி அப்படியே இருந்தது. அவன் அப்படி வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை.

வீட்டுக்குப் போகிற ஏற்றத்தில் நாகலெட்சுமி அவனைப் பிடித்துவிட்டாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். மூச்சு வாங்கியது.

"இந்தாங்க, கொஞ்சம் நில்லுங்க. அந்தப் பொம்பள யாருங்க?"

"எந்தப் பொம்பள?"

"ஒங்களுக்கு ஒப்பாரி வச்ச பொம்பள."

அவன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தான். "எங்க அக்கா" என்றான்.

நாகலெட்சுமிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறொன்று. அவள் கை தானாகத் தாலிக்கயிற்றுக்குப் போனது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால் மற்ற இரண்டையும் போடுகிறவள் அவனுடைய அக்காவோ தங்கச்சியோதான். சோலைமலை தனக்கு யாருமே இல்லை என்றான். அதனால் மரியநாயகத்தின் மனைவி பெற்றீசியா, சிலுவைச் சங்கிலி போட்ட கழுத்தோடு, சிரித்துக்கொண்டே வந்து அந்த முடிச்சுகளைப் போட்டாள். உரிமைக்காரி ஒருத்தி வட்டவளையில் இருந்திருக்கிறாள். எப்படிப்பட்டவள்? உயரமா, குட்டையா? இவர் ஏன் மறைத்தார்? அவள் ஏன் உயிரோடு இருக்கிறவருக்கு அழுகிறாள்? கேள்வி மேல் கேள்வியாக வந்தது.

விஷயம் இதுதான். அப்பனும் ஆத்தாளும் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போனபின் தம்பியை வளர்த்தது காளியாயிதான். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு மலை ஏறியவள். ஆளாகி அவள் கட்டிக்கொள்ள நினைத்தது பழனியாண்டியை. பழனியாண்டி சாவுக்குத் தப்படிக்கிற குடும்பம். "செத்த வீட்டுல தப்படிக்கிறவன் கையிலயா சோறு திங்கப் போற? எனக்கு அக்காவே இல்ல" என்று சொல்லிவிட்டு, கல்யாணத்தன்று விடிகாலையிலேயே சோலைமலை அணை வேலைக்குக் கிளம்பி வந்துவிட்டான். அப்புறம் போகவில்லை.

"அது சரி. நீங்க செத்துட்டீங்கன்னு யாரு சொன்னா?"

அவனுக்கும் அது தெரியவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். முந்தின மழைக்கு ஆற்றில் ஒருவன் அடித்துக்கொண்டு போனான், உடம்பு கிடைக்கவில்லை. அவனும் வட்டவளைப் பக்கத்துக்காரன். லாரிக்காரர்கள் வாயில் சேதி கீழே போய், வட்டவளைக்காரன் ஒருவன் என்பது சோலைமலை என்று ஆகியிருக்கும்.

"அப்ப கருமாதியும் பண்ணியிருப்பாங்க" என்றாள் நாகலெட்சுமி.

"பண்ணியிருப்பா. அவ எதையும் பாதியில விடமாட்டா."

"வாங்க, போயிட்டு வந்துருவோம்."

"செத்தவன் எப்படிடீ போய் முன்னால நிக்கிறது?"

"உசுரோட இருந்தப்பவும் நீங்க போய் நிக்கலயே. என் வயித்துப் புள்ளைக்கு ஒரு அத்தை வேணும்ங்க. பெட்டிக்குள்ள இருக்குற அத்தையை வச்சு நான் என்ன பண்றது?"

அடுத்த ஞாயிறு ஹட்டன் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ரயிலில் வட்டவளையில் இறங்கினார்கள். தோட்டத்துக்குப் போகிற பாதையில் இருந்த மதகுப் பாலம் வரைக்கும் சோலைமலை வந்தான். அதற்கு மேல் கால் வரவில்லை. செத்துப்போனவன் திடீரென்று வாசலில் நின்றால் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று சாக்குச் சொன்னான். பாதி சாக்கு, பாதி உண்மை. நாகலெட்சுமி தனியாக ஏறினாள்.

தொழிலாளர் வரிசைவீடான லயத்தில், கடைசி அறையான காம்பராவில் வாத்தியச் சத்தம் கேட்டது. வாசலில் பாயை விரித்து, தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் சூசைரட்ணம் ஆர்மோனியம் வைத்திருந்தார். அழகன் என்ற கவ்வாத்துக்காரன் புல்புல்தாராவைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தான். ஒல்லியான ஒரு மனிதர் சுள்ளித் தீயில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவர்தான் பழனியாண்டி என்று கேட்காமலே தெரிந்தது. நிலைப்படியில் ஒரு பெண் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தாள். நல்ல உயரம். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் முடி தேய்ந்திருந்தது. சோலைமலையின் அதே மூக்கு.

"யாரும்மா? எந்தத் தோட்டம்?" என்றாள்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு நாகலெட்சுமிக்கு மறந்துபோயிற்று. "என் தாலிக்கு மத்த ரெண்டு முடிச்சும் நீங்க போட்டிருக்கணும், மதினி. நீங்க வரல. அதான் நான் வந்தேன்" என்றாள்.

ஆர்மோனியம் நின்றது.

"எனக்கு ஒரே தம்பி. அவன் ஆத்தோட போயிட்டான். நீ வேற யார் வீட்டையோ தேடி வந்திருக்க தாயி."

"அவரு ஆத்தோட போகல. போன வாரம் கடையில தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே நீங்க பாடுனதக் கேட்டாரு. பாதியில எந்திரிச்சுப் போயிட்டாரு."

காளியாயி எழுந்து கிட்டே வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தாள். மஞ்சள் கயிறு. நெற்றியில் குங்குமம். வயிற்றையும் பார்த்தாள். பிறகு, "எங்க அவன்?" என்றாள்.

"மதகுகிட்ட."

அவள் ஓடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஓடவில்லை. உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து எடுத்துவந்து வாசலில் வைத்தாள். "கருமாதி பண்ணி முடிச்ச ஆளு. சும்மா உள்ள வந்தா ஆகாது. வரச் சொல்லுங்க" என்றாள்.

சோலைமலை வந்து வாசலில் தண்ணீர் ஓடும் கான் ஓரமாகத் தலைகுனிந்து நின்றான். அந்தத் தண்ணீர் முழுவதையும் அவன் தலையில் கொட்டினாள். கொட்டிக்கொண்டே ஏசினாள். "வெக்கங்கெட்டவனே. பதினாறு நாளு விளக்கு வச்சேன்டா ஒனக்கு. வடை சுட்டு வச்சேன். அத்தனையும் காக்கா தின்னுச்சு. வெரலக் காட்டு." காட்டினான். நுனி இல்லாத கட்டைவிரலை அழுத்திப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

இதற்கிடையில் பழனியாண்டி ஓசைப்படாமல் தப்பை எடுத்து உள்ளே வைக்கப் போனார். சோலைமலை ஈரத்தோடு நின்று அதைப் பார்த்தான். "அத ஏன் உள்ள கொண்டுபோறீங்க மச்சான்? சூடு ஆறிறப் போகுது" என்றான். பழனியாண்டி தப்பை மறுபடி தீயோரம் சாய்த்து வைத்துவிட்டு, தன் வேட்டி ஒன்றை எடுத்துவந்து மச்சினனுக்குக் கட்டக் கொடுத்தார். அன்றைக்கு அந்த வீட்டில் சோலைமலை ரொட்டி தின்றான். நாகலெட்சுமியின் தாலிக்குப் புதுக்கயிறு மாற்றி, சோலைமலை ஒரு முடிச்சுப் போட, மற்ற இரண்டையும் காளியாயி தன் கையால் போட்டாள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நாகலெட்சுமி நினைத்தாள். ஆனால் பாட்டு இன்னும் இருந்தது.

அந்தப் பாட்டு எப்படி வானொலிக்குப் போனது என்று அவள் கேட்டபோது சூசைரட்ணம் வாத்தியார் சொன்னார். ஹட்டன் மண்டபத்தில் குழு முதலில் வாசித்துக் காட்டியதெல்லாம் சினிமா மெட்டு. வானொலி ஐயா, "இதெல்லாம் எங்களிடம் இசைத்தட்டாகவே இருக்கிறது. உங்களுடையது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். பழனியாண்டிக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்த காளியாயி அங்கே மூலையில் உட்கார்ந்திருந்தாள். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது, ஆனால் இது வீடு இல்லையே, மண்டபம்தானே என்றார் பழனியாண்டி. பாடுவதற்கு அவளுக்குத் துக்கமும் இருந்தது. பாடினாள்.

"இப்ப ஊரெல்லாம் அதையே கேக்குது. பெட்டி பெட்டியா அஞ்சலட்டை வந்திருக்காம். வாராவாரம் போடப் போறாங்களாம். அடுத்த மாசம் வந்து இன்னும் நீட்டாப் பாடிக் குடுக்கச் சொல்லியிருக்காங்க" என்றார் வாத்தியார். மலையருவிக் குழுவுக்கு இப்படி ஒரு பெயர் அதுவரை கிடைத்ததில்லை.

"இனி நான் அதப் பாடமாட்டேன். போட்டதையும் போட விடமாட்டேன்" என்றாள் காளியாயி.

"அது பாட்டுத்தானே, காளியாயி."

"ஒங்களுக்குப் பாட்டு. எனக்குத் தம்பி. உசுரோட இருக்குறவனுக்கு வாராவாரம் ஒப்பாரி வச்சா அவன் என்னத்துக்கு ஆவான்?"

அழகன் புல்புல்தாராவை மடியிலிருந்து இறக்கினான். "சோலைமல அண்ணே, நீங்க ஒரு ரெண்டு மாசம் கழிச்சு உசுரோட வந்திருக்கலாம்" என்றான். சோலைமலை சிரித்தான். காளியாயி சிரிக்கவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளி அழகன் மேல் எறிந்தாள்.

அடுத்த மாதம் ஹட்டன் மண்டபத்துக்கு நாகலெட்சுமியும் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த நாடா எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசையும் ஒரு பக்கம். இரண்டு வட்டம் சுற்றுகிற பெட்டியைப் பார்த்ததும் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

வானொலி ஐயா நல்லவர்தான். ஆனால் அந்தப் பாட்டை விட அவருக்கு மனம் வரவில்லை. "உங்கள் தம்பியின் பெயர் அதில் வரவே இல்லையே அம்மா" என்றார்.

"பேரு எதுக்குங்கய்யா? வெரலு வருதே" என்று நாகலெட்சுமி புருஷனின் கையைப் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள். "இவருதாங்க செத்தவரு."

அவர் விரலைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். சிரிக்கப் போனவர் சோலைமலையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, இனி அதை ஒலிபரப்ப மாட்டேன். அதற்குப் பதிலாக என்ன பாடுவீர்கள்?" என்றார்.

"தாலாட்டு" என்றாள் காளியாயி.

"நல்லது, பாடுங்கள்."

"இப்ப பாட முடியாதுங்க. புள்ள இன்னும் பொறக்கல. பொறக்காத புள்ளைக்குத் தொட்டிலும் கட்டக் கூடாது, தாலாட்டும் பாடக் கூடாது."

வானொலி ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். வாத்தியார் வேறு பக்கம் பார்த்தார். அன்றைக்கு மலையருவிக் குழு ஒரு கொழுந்துப் பாட்டைப் பாடிக் கொடுத்துவிட்டு வந்தது. அது ஒரே ஒரு தடவை பெட்டியில் வந்தது. வட்டவளைக்குள்ளேயே பாதிப் பேர் கேட்கவில்லை. வாத்தியாருக்கு அந்த வருத்தம் வெகுநாள் இருந்தது.

தை மாதத்தில் நாகலெட்சுமிக்குப் பெண் பிறந்தது. அத்தை வந்து மூன்று மாதம் கூட இருந்தாள். குளிப்பாட்டினாள், சாம்பிராணி போட்டாள், ஏணைத் தொட்டிலை ஆட்டினாள். அவள் பாடிய தாலாட்டைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த நாகலெட்சுமிக்கு ஒன்று பிடிபட்டது. அந்த ஒப்பாரியின் அதே இழுவைதான். எந்த இடத்தில் மூச்சு வாங்குவாளோ அதே இடத்தில்தான் வாங்கினாள். உறவுமுறைகளை அடுக்குவதும் அதேதான். இதில் மட்டும் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.

வேன் மறுபடி ஹட்டனுக்கு வந்தபோது காளியாயி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பாடினாள். பழனியாண்டி பிள்ளை முழிக்காதபடி தப்பை விரல் நுனியால் மட்டும் தட்டினார். நாகலெட்சுமி சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, அந்தப் பழைய பாட்டு எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"நாடா தட்டுப்பாடு அம்மா. அதே நாடாவில்தான் இதைப் பிடித்திருக்கிறேன். இது பதியப் பதிய அது அழிந்துவிட்டது" என்றார்.

காளியாயி அதைக் கேட்டாள். நாடாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

தாலாட்டுக்கு அஞ்சலட்டை அவ்வளவாக வரவில்லை. குழு இன்னும் சில வருஷம் பாடியது. பிறகு வாத்தியாருக்கு மாற்றல் வந்தது. அழகன் இந்தியாவுக்குப் போனான். பழனியாண்டி நெஞ்சுவலியில் போனபோது தப்படிக்க ஆள் தேடினார்கள். சோலைமலையே முன்னால் வந்து தப்பை வாங்கினான்.

சோலைமலையும் நாகலெட்சுமியும் நோட்டன் பிரிட்ஜிலேயே இருந்துவிட்டார்கள். காளியாயி வட்டவளையில் அதே லயத்தில், அதே கடைசிக் காம்பராவில் இருக்கிறாள்.