வத்தல்மலை இறக்கத்தில் கூட வந்த துணை

ஈசனை நம்பி வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம். நான் கலா. தருமபுரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன ஆவணியில் என் கணவரின் உயிர் என் கண் முன்னாலேயே போய்விடப் பார்த்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் இருவர் மட்டும் காரில் வத்தல்மலைக்குப் போனோம். அவர் பூகோள வாத்தியார். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி, ரோட்டுக்காக வெட்டிய இடங்களில் தெரியும் கரும்பாறையைக் காட்டினார். "இதெல்லாம் ஒரு காலத்துல பூமிக்குள்ள நெருப்புக் குழம்பா இருந்தது கலா" என்றார். மேலே போனதும் அப்படி ஒரு பாறையைத் தொட்டுப் பார்க்க ஏறினார். அதன் அடியில் மலைத்தேனீக் கூடு இருந்தது. தேனீக்கள் மொய்த்துக் கொட்டிவிட்டன.

அவரைத் துப்பட்டாவால் மூடி இழுத்து வந்து பின் சீட்டில் தள்ளினேன். பத்தே நிமிடத்தில் முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. மூச்சு விசில் மாதிரி இழுத்தது. போனில் சிக்னல் இல்லை. ரோட்டில் ஒரு ஆள் இல்லை. எனக்கு லைசென்ஸ் உண்டு, ஆனால் ஊரைத் தாண்டி ஓட்டியதில்லை. கீழே போக இருபதுக்கும் மேல் கொண்டை ஊசி வளைவுகள்.

பிரேக்கை மிதித்தபடியே இறங்கினேன். நாலாவது வளைவில் கருகல் நாற்றம். பிரேக் மெத்தென்று உள்ளே போனது. மண்மேட்டில் ஏற்றித்தான் வண்டியை நிறுத்தினேன்.

நான் விளக்கேற்றுவதோடு சரி, பெரிய பக்தை இல்லை. அன்று ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு கத்தினேன். "தீர்த்தமலை சாமி, இவர வுட்டுடாத! எனக்கு ஓட்டத் தெரியல. யாரையாவது அனுப்பு!"

குறுக்குப் பாதையில் ஒரு மலைக்காரர் சாமை மூட்டையோடு இறங்கி வந்தார். எங்களைப் பார்த்ததும் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணா, வண்டி ஓட்டுவீங்களா?"

"தெரியாதுங்கம்மா. ஆனா சரக்கு ஜீப்புல டிரைவரு பக்கத்துல ஒக்காந்து எத்தினியோ தடவ போயிருக்கேன். பிரேக்கு கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் பஸ்ட் கியர்லயே வுடுங்க, இன்ஜினே வண்டியப் புடிச்சிக்கும்."

அந்தச் சில நிமிடங்கள் எனக்கு முடியவே இல்லை. பிறகு அவர் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் சொன்னார். "ஆரன் அடிங்க... இப்ப ஸ்டியரிங்க ஒடிங்க... நேர் பண்ணுங்க." பாதி வழியில் பின்னால் இழுப்புச் சத்தம் நின்றது. நான் பின்னால் திரும்பிப் பார்க்கப் போனேன்.

"மூச்சு இருக்குதுங்க! நீங்க ரோட்டப் பாருங்க!" என்று அதட்டினார். பார்த்தேன். கண்ணீரில் ரோடு கரைந்து தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் என் கணவருக்கு மூச்சு சீரானது. அப்போதுதான் அந்த அண்ணனின் கையைப் பிடித்து அழுதேன். அவர் கூச்சத்தோடு சொன்னார்: "காலைல ஜீப்புலயே போயிருக்க வேண்டியவன்தாங்க. ஆடு ஒண்ணு காணாம போச்சி, தேடிக்கினு நின்னுட்டேன்."

அந்த ஆட்டை ஒளித்து வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது பிரதோஷத்துக்குப் பிரதோஷம் தீர்த்தமலைச் சிவன் கோயிலுக்கு நானே ஓட்டிப் போகிறேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். உங்களுக்கும் ஒரு நெருக்கடி வந்தால், பாட்டும் மந்திரமும் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். வாய்க்கு வந்தபடி கூப்பிடுங்கள். ஈசனுக்குக் கேட்கும்.