கூரைமேல் ரஞ்சனின் சட்டை

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கப்பலில் பிணம் கிடந்த அறைக்குப் பக்கத்திலேயே நாலு நாள் படுத்திருக்கிறேன், ஒன்றும் வந்து பிடித்ததில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது.

எண்பதுகளின் கடைசி. லண்டனுக்கு வருவதற்கு முன் ஒரு சரக்குக் கப்பலில் வேலை செய்தேன். எஞ்சின் பழுதாகி அது கொரியாவில் ஒரு துறைமுகத்தில் கிடந்தது. பழுதுபார்க்க வந்த பாக் என்ற மின்வேலைக்காரர் நல்ல மனுசன். ஒரு ஞாயிறு காலை என்னையும், கூட வேலை செய்த ஊர்ப்பெடியன் தவத்தையும் பஸ்ஸில் ஏற்றிச் சுவோன் கோட்டையைக் காட்டக் கூட்டிப்போனார்.

கோட்டை என்றால் நான் நினைத்தது போல இடிந்த கல் அல்ல. மதில் குன்றில் ஏறி இறங்கி ஓடுகிறது, அதற்குள்ளே ஒரு ஊரே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. மதிலில் ஐந்து புகைபோக்கிகள். ஒன்றில் புகை வந்தால் நாடு அமைதி, ஐந்திலும் வந்தால் சண்டை தொடங்கிவிட்டது என்றார் பாக்.

"எங்கட ஊர்ச் சண்டைக்கு அஞ்சும் காணாதடா," என்றான் தவம்.

வாசல் கடையில் ஒரு போஸ்ட்காட் வாங்கி, திகதி போட்டு, என் தம்பி ரஞ்சனுக்கு நாலு வரி எழுதி அங்கேயே தபாலில் போட்டேன். பிறகு மதில்மேல் நடந்தோம். மத்தியானம், நல்ல வெயில். கீழே ஒரு பழைய சாம்பல்நிற ஓட்டு வீட்டுக் கூரைமேல் ஒரு மனிதர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு உடுப்பை இரண்டு கையாலும் தூக்கி ஆட்டி, நீளமாக ஒரு தரம் கூப்பிட்டார்.

பாக் தொப்பியைக் கழற்றினார். அந்த வீட்டில் யாரோ இப்போதுதான் செத்திருக்கிறார்களாம். அவர்களுடைய உடுப்பைக் காட்டி வடக்கே பார்த்து மூன்று தரம் கூப்பிடுவார்களாம். உயிர் திரும்பினால் திரும்பும். மூன்றாவது தரமும் வராவிட்டால்தான் ஆள் செத்தது என்று ஒத்துக்கொண்டு அழத் தொடங்குவார்களாம்.

இரண்டாம் தரம் கூப்பிடும்போது உடுப்பு காற்றில் விரிந்தது. நம்புங்கள், விடுங்கள், அது ரஞ்சனின் சட்டை. நீலக் கட்டம் போட்டது. ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று நான் கழற்றி அவனுக்குக் கொடுத்தது. பை கிழிந்தபோது வேறு நூல் கிடைக்காமல் சிவப்பு நூலால் நானே தைத்தேன். அந்தச் சிவப்புத் தையலும் தெரிந்தது.

நான் கத்தினேன். "கூப்பிடாதை! அவன் சாகேல்லை!" என்று தமிழில்தான் கத்தினேன். அந்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்ப, காலடியில் ஒரு ஓடு நழுவி விழுந்து உடைந்தது. மூன்றாவது தரம் அவர் கூப்பிடவேயில்லை. கையைத் தொங்கவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பாக் என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"உனக்கென்ன விசரே?" என்றான் தவம். "அது தனி வெள்ளைத் துணியடா. கட்டமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை."

எட்டு மாதம் கழித்து, கப்பலை விட்டு ஓடி, பல நாடு சுற்றி லண்டன் வந்து சேர்ந்தேன். ஃபாரஸ்ட் கேட் பகுதியில் மச்சான் வீட்டில் அம்மாவின் கடிதம் காத்திருந்தது. ரஞ்சனைச் சந்தியில் வைத்துத் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அது நான் போஸ்ட்காட்டில் எழுதியிருந்த அதே திகதி. அவன் போட்டிருந்த அந்த நீலக் கட்டச் சட்டை மட்டும் மறுநாள் விடிய எங்கள் வீட்டு ஓட்டின்மேல் விரித்தபடி கிடந்ததாம். இரவு முழுக்க மழையாம், சட்டை நனையவில்லையாம்.

குரோய்டனில் என் அகதி விசாரணை நடந்த அன்று மொழிபெயர்த்தவர் ஒரு மலேசியத் தமிழர். "உங்க தம்பி உயிரோட இருக்காரா இல்லையான்னு கேக்கறாங்க."

"தெரியாது."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்."

எதைச் சொல்ல? ஆதாரமாக ஏதாவது வேண்டும் என்று வழக்கறிஞர் கேட்டதால், ஊரிலிருந்து வெளிக்கிட்டு வந்த ஒருவரிடம் அம்மா அந்தச் சட்டையைக் கொடுத்தனுப்பினார். சட்டைப் பைக்குள் கையை விட்டேன். விரல் நகமளவு ஓட்டுத்துண்டு ஒன்று இருந்தது. எங்கள் வீட்டு ஓடு சிவப்பு. இது சாம்பல் நிறம்.

எனக்கு விசா கிடைத்து வருடங்கள் ஆகிவிட்டன. அம்மா இன்றைக்கும் போனில் கேட்பார், "மோனை, தம்பிக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யவோ, விடவோ? ஐயர் கேக்கிறார்."

"பொறுங்கோ அம்மா," என்பேன்.

அன்று கத்தியிருக்காவிட்டால் அவன் திரும்பி வந்திருப்பானோ, அல்லது நான் கத்தியதால்தான் இன்னும் சாகாமல் இருக்கிறானோ, எனக்குத் தெரியவில்லை. என் அறையின் ஜன்னல் வடக்குப் பக்கம். விடுமுறை நாட்களில் சட்டையை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலைத் திறப்பேன். அன்று அந்தக் கூரைமேல் இரண்டு தரம் ஆகிவிட்டது, மிச்சம் ஒரு தரம்தான்.

வாயைத் திறப்பேன். பிறகு ஜன்னலைச் சாத்திவிடுவேன்.