நாகம்மா கேட்ட முதல் கேள்வி

நாகம்மா போய்விட்டாள்.

இன்று காலை. காஜா பேராங்கில், சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில். போன் வந்ததும் கார் பிடித்து ஓடினேன். இப்போதுதான் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அழுதாயிற்று. ஆனால் நண்பர்களே, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இவளைப் பற்றி உங்களுக்கெல்லாம் சொல்லியே ஆக வேண்டும்!

நர்சிங் காலேஜில் பாடம் எடுக்கும் என் மருமகள் போன மாதம் ஒரு செய்தி சொன்னாள். நர்ஸ்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று ரிசர்ச் செய்கிறார்களாம். அந்த டீமில் நோயாளிகளும் மெம்பர்களாம். "ரொம்பப் புதுசு அத்தை" என்றாள்.

புதுசா! மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வந்த சமயத்திலேயே எங்கள் நாகம்மா அதைச் செய்து காட்டிவிட்டாள்!

அப்போது நான் பயிற்சி நர்ஸ். அவள் காசநோய் வார்டில் கிடந்தவள். சிட்டி இனத்து வீட்டுப் பெண்; தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன தமிழ் வம்சம், வீட்டுப் பேச்செல்லாம் மலாய்தான். பக்கத்துக் கட்டில் அம்மாக்களிடம் மாதக்கணக்கில் வாயாடியே தமிழ் கற்றுக்கொண்டாள்.

நர்ஸ் என்றால் இங்கே எல்லாருக்கும் மிஸ்ஸி. நான் ரிட்டையர் ஆகி, தலை நரைத்து... அவளுக்கு மட்டும் கடைசி வரை மிஸ்ஸிதான்.

எங்கள் டியூட்டர் சிஸ்டர் ஒரு வெள்ளைக்காரம்மா. பாடத்தில் கெட்டியாக இருக்கும் பெண்கள் வார்டுக்குள் போனதும் ஏன் நோயாளியைக் கண்டு ஒதுங்குகிறார்கள்? பாடத்தில் எதை மாற்ற வேண்டும்? இதைக் கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். குணமாகி வீட்டுக்குப் போகவிருந்த நாகம்மாவைப் பதில் சொல்லக் கூப்பிட்டார்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"பதில் மட்டுமா? மானா போலே, அதெப்படி! கேள்வியும் நான் கேக்கறேன்லா. ஒங்க வெள்ளை யூனிபாமப் பாத்தா எல்லாரும் 'நல்லா இருக்கு மிஸ்ஸி'ன்னுதான் சொல்வாங்க. எங்கிட்டதான் நெசத்தச் சொல்வாங்க."

நான்தான் சிஸ்டருக்கு மொழிபெயர்த்தேன். அவர் கைதட்டிச் சிரித்தார். உடனே மேசையில் தன் பக்கத்து நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார்!

முதல் மீட்டிங். காப்பி வந்தது. எங்களுக்கெல்லாம் பீங்கான் கோப்பை. அவளுக்கு மட்டும், வார்டுப் பழக்கத்தில், சிவப்புக் கோடு போட்ட தகரக் குவளை. காசநோய்க்காரர்களுக்கென்று தனியாக வைத்திருப்பது. அவள்தான் குணமாகிவிட்டாளே...

அவள் குவளையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள்.

"அடோய், மொதக் கேள்வி கெடச்சிருச்சு! 'ஒனக்கு எந்தக் கோப்பையில கோப்பி குடுத்தாங்க?' எழுது மிஸ்ஸி, எழுது!"

அவ்வளவுதான், வார்டே வாய் திறந்தது! ஒருவர் அழுதார். ஒருவர் எங்களை எல்லாம் திட்டித் தீர்த்தார். இன்னொரு அம்மா, வீட்டுக்குப் போனால் தன் பிள்ளைகளும் தனித் தட்டுதான் வைப்பார்கள் என்றார். நாகம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்பாள், நான் எழுதுவேன்.

சாயந்திரம் எதைப் பாடத்தில் சேர்ப்பது என்று சிஸ்டரோடு சண்டை. குவளையே வேண்டாம் என்பாள் இவள். தொற்று இருக்கும்போது சில கவனங்கள் வேண்டும், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பார் அவர். அதில் சிஸ்டர் ஜெயித்தார். மற்றதில் எல்லாம் நாகம்மாதான்!

இதற்கு நடுவில் கல்யாணப் பேச்சு வேறு. மாப்பிள்ளை முத்து, பத்து பெரெண்டாம் ஊர்க்காரர், லாரி ஓட்டுபவர். அவளுக்கு அவர் மேல் கொள்ளை ஆசை. ஆனால் நோய் விஷயம் அவருக்குத் தெரியாது.

ஆராய்ச்சியை ஹாலில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டிய நாள் நெருங்கியது. "பெயர் வேண்டாம், 'ஒரு நோயாளி' என்று போட்டுக்கொள்ளலாம்" என்றார் சிஸ்டர். நாகம்மாவின் அம்மாவும் பெயர் வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

அன்று முழுக்க நாகம்மா வாயே திறக்கவில்லை. வாயாடி நாகம்மா! மறுநாள் வந்து சொன்னாள்.

"பேரப் போடு மிஸ்ஸி. முத்துவையும் வரச் சொல்லிட்டேன். கேட்டுட்டு ஓடற ஆளுன்னா இப்பவே ஓடட்டும்லா."

கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் நின்றாள். என் பெயர் நாகம்மா, எனக்குக் காசநோய் இருந்தது, இந்தக் கேள்விகளைக் கேட்டது நான் என்று மலாயில் ஆரம்பித்தாள். குரல் நடுங்கவில்லை.

கடைசி வரிசையில் முத்து. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கூட்டம் முடிந்து காப்பி. இந்தத் தடவை எல்லாருக்கும் ஒரே பீங்கான் கோப்பை. முத்து நேராக நடந்து வந்தார். அவள் பாதி குடித்து வைத்திருந்ததை எடுத்தார். மீதியை ஒரே மடக்கில் குடித்தார்.

"சீனி பத்தல" என்றார்.

நான் போட்ட கூச்சலில் சிஸ்டர் என்னை முறைத்தார். இப்போது டைப் செய்யும்போதும் கூச்சல் போட வேண்டும் போலத்தான் இருக்கிறது!

முத்து போய்ப் பல வருடம் ஆகிறது. இன்று இவளும்.

பார்ச்சு நாளில் முன்னோர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைக்கும் வீடு அது. நான் கிளம்பும் சமயம், நாகம்மாவின் மகள் படத்துக்கு முன்னால் காப்பி வைக்க வந்தாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"ஆன்ட்டி, அம்மாக்கு எந்தக் கோப்பையில வைக்கட்டும்?"

அவள் தோளைத் தொட்டுச் சொன்னேன்.

"வந்தவங்களுக்கெல்லாம் குடுக்கறியே... அதே கோப்பையில வைம்மா."

போய் வா நாகம்மா. சீனி தூக்கலாகப் போடச் சொல்லியிருக்கிறேன்...

உன் மிஸ்ஸி.