அப்பா அறை: ஈரப்பதம் 78

அந்த வீட்டின் கடைக்குட்டிக்கு நாற்பத்தொரு வயது. கடைக்குட்டி என்றால் செல்லம் என்று யாரோ ஊரெல்லாம் புளுகி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு வீட்டில் மிஞ்சுகிறவள், அவ்வளவுதான். அண்ணன்மார் இருவரும் வேலைக்குப் போன ஊர்களிலேயே தங்கிவிட்டார்கள். அக்காள் கல்யாணமாகிப் போனாள். நுரையீரல் கெட்டுப்போன அப்பாவும் அவருக்கு மருந்து கொடுக்க ஒரு ஆளும் இந்த இரண்டறை வீட்டில் மிஞ்சினார்கள்.

அதற்கு முன் ஒன்பது வருஷம் அவள் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். கடைசி மூன்று வருஷம் சோதனை மேசை. அவள் கையெழுத்துப் போட்ட பெட்டியை அதற்கு மேல் யாரும் திறந்து பார்த்ததில்லை. அப்பாவை முதல் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஒரு மாசம் லீவு என்று எழுதிக் கொடுத்தாள். அந்த ஒரு மாசம் இரண்டரை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

போன மாசம் பழைய சூப்பர்வைசர் அம்மாள் போன் செய்தார். சோதனை மேசையில் ஒரு இடம் காலியாகிறதாம். காலை ஆறு முதல் இரண்டு வரை ஷிப்ட். அடுத்த மாசம் ஒன்றாம் தேதி வரை அவளுக்காகப் பிடித்து வைக்க முடியும், அதற்கு மேல் முடியாது. தொழிற்சாலை பத்து நிமிஷ நடை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா நடுவில் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டாள். இனி உடன்பிறந்தவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

அப்பாவின் அறையில் ஈரப்பதம் அறுபத்தைந்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மூச்சு இழுக்கும் என்பது டாக்டர் சொன்னது. அதற்குத்தான் அவள் சென்சார் செய்தாள். பெரிய வஸ்து ஒன்றுமில்லை. சூடும் ஈரப்பதமும் அளக்கும் விரல் நகமளவு சென்சார், ஒரு வை-ஃபை போர்டு, பழைய போன் சார்ஜர், ஒரு சோப்பு டப்பா. முதலில் எல்லாவற்றையும் டப்பாவுக்குள்ளேயே அடைத்தாள். அது போர்டின் சூட்டையே அறையின் சூடு என்று சாதித்தது. கம்பி இழுத்துச் சென்சாரை வெளியே தொங்கவிட்டதும் வழிக்கு வந்தது.

சோதனை மேசைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஈரப்பதம் பார்க்கும் சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, அதன் அருகில் வாய் வைத்து 'ஹா' என்று மூச்சு விடுவார்கள். எண் எகிறினால் உயிர் இருக்கிறது. அவளும் டப்பாவை அப்பாவின் கட்டில் தலைமாட்டில் வைத்து ஹா என்றாள். ஐம்பத்திரண்டு எழுபத்தெட்டானது. அப்பா முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர், எண் என்றால் உயிர். இன்னொரு தரம் ஊதச் சொல்லிப் பொக்கை வாயால் சிரித்தார். அவளும் ஊதிக் காட்டினாள்.

எண் அறுபத்தைந்தைத் தாண்டினால் அவளையும் சேர்த்து உடன்பிறந்தவர்கள் நான்கு பேர் போனுக்கும் சிவப்பு எழுத்தில் செய்தி போகும்படி வைத்தாள். தாண்டாவிட்டால் காலை ஏழு மணிக்குப் பச்சையில் 'எல்லாம் சரி' என்று ஒன்று போகும். கண்ணாலேயே பார்த்துவிட்டால் சரி என்று சொல்லிவிடுவார்கள் என்று நம்பினாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். மூன்று பேரும் ஊருக்கு ஊர் உட்கார்ந்து அவளுக்கு மேலதிகாரிகள் ஆனார்கள். பெரிய அண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

"பத்து நாள் ஒரு சிவப்புகூட வரக்கூடாது. வரலைன்னா தாராளமா வேலைக்குப் போ. வந்தா திரும்ப முதல்லேருந்து."

அன்றிலிருந்து அவள் அந்தச் சோப்பு டப்பாவுக்கு அடிமை. ஈரத்துணியை மாடிப்படியில் காயப்போட்டாள். தரையைத் துடைக்கப் பயந்து வெறுமனே பெருக்கினாள். வெந்நீர் ஆவி அப்பாவின் அறைக்குள் போய்விடுமோ என்று பச்சைத் தண்ணீரில் குளித்தாள். ஜன்னலைத் திறந்தால் மழைக்காற்று, மூடினால் புழுக்கம். கடைக்குப் போனாலும் கண் போனிலேயே இருந்தது. இவ்வளவு பண்ணியும் நாலாம் நாள் பாத்திரம் தேய்க்கும்போது சிவப்பு வந்தது. 'அப்பா அறை: ஈரப்பதம் 74.' இரண்டே நிமிஷத்தில் மூன்று பேரும் போன் செய்தார்கள். அப்பாவிடம் அரை மணி பேசினார்கள், அவளிடம் அரை நிமிஷம் திட்டினார்கள். திரும்ப ஆரம்பித்தாள். ஏழாம் நாள் நூல்கண்டு வாங்கத் தையல்காரம்மா வீட்டுக்குப் போன ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் சிவப்பு.

அவள் அழவில்லை. சோதனை மேசைக்காரி அல்லவா, சேமித்து வைத்திருந்த எண்களை எடுத்துப் பார்த்தாள். மழை ஈரமென்றால் எண் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஆவியென்றால் சூடும் கூடவே ஏறி நிற்கும். இது ஒரே நிமிஷத்தில் எகிறி, நாலு நிமிஷத்தில் பழையபடி இறங்கியிருந்தது. இப்படி ஏற்ற மனுஷ மூச்சால்தான் முடியும்.

"அப்பா, நீங்க அதுல ஊதுனீங்களா?"

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். 

"இதுக்கு முன்னாடி பெரியவன் மூணு மாசமா போனே பண்ணலம்மா. இதுல ஊதினா ரெண்டு நிமிஷத்துல பண்றான்."

"எனக்கு வேலை போயிடும்ப்பா. அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா. ஊதும்போது மட்டும் மறந்துடுது."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் டப்பாவைச் சுவரில் அடித்திருப்பாள். அடிக்கவில்லை. அண்ணன்களிடம் போட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்து ஊரெல்லாம் சிரிக்க வைப்பானேன்? டப்பாவை அலமாரி உச்சியில் ஏற்றி வைத்தாள். அப்பாவுக்கு எழுந்து நிற்கவே ஆள் வேண்டும். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு இடம் மாற்றியதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள், கணக்கு அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தது. ஒன்றாம் தேதிக்கு முன் சரியாகப் பத்து நாள் இருந்தது.

தினமும் காலையில் பச்சை போனது. மூன்று பேரும் கட்டைவிரல் படம் போட்டார்கள், அதோடு சரி. அப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க என்று அவளே கேட்டுப் பார்த்தாள். பச்சையாத்தானே இருக்கு, ஞாயித்துக்கிழமை பேசறேன் என்றார் பெரிய அண்ணன். ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. அக்காளுக்கு வீட்டில் விருந்தாளிகள். சின்ன அண்ணன் பதிலே போடவில்லை. அப்பா போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, வராத பஸ்ஸுக்கு நேரம் பார்ப்பது போலக் கடிகாரத்தையே பார்த்துக் கிடந்தார். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. கேட்டால் பசியில்லை என்றார்.

பத்தாம் நாள் சாயங்காலம் ஏழு மணியோடு கெடு முடிகிறது. விடிந்தால் ஒன்றாம் தேதி. பெட்டியிலிருந்து நீல நிறத் தொழிற்சாலை கோட்டை எடுத்துத் தேய்த்து, போட்டுக்கொண்டாள். இரண்டரை வருஷத்தில் தோள் தொளதொளத்துப் போயிருந்தது, பரவாயில்லை. சந்தோஷமாகப் பித்தானைப் போட்டுக்கொண்டு அப்பாவிடம் காட்டப் போனாள். மணி ஆறு நாற்பது.

அப்பா கோட்டைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். பிறகு போனை நீட்டினார்.

"இது வேலை செய்யுதான்னு கொஞ்சம் பாரும்மா. மணி அடிக்கவே மாட்டேங்குது."

அவள் தன் போனிலிருந்து அவருக்குப் போட்டாள். மணி அடித்தது. அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை என்ன சொல்ல! படபடவென்று கண்ணாடியைத் தேடி மாட்டி, திரையைப் பார்த்தார்.

"ஓ, நீதானா" என்றார்.

அவள் கோட்டைத் தடவிப் பார்த்தாள். வேலையை நினைத்தாள், காலை ஆறு மணிக்கு அந்தப் பத்து நிமிஷம் தனியாக நடப்பதை நினைத்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி மேல் இருந்த டப்பாவை முகத்துக்கு நேரே பிடித்து, ஹா என்றாள்.

அப்பாவின் போன் மணி அடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பெரியவன். அப்பாவின் கண் மகளின் கோட்டிலேயே இருந்தது.

"டேய், அவ மேல தப்பில்லடா. நான்தான் ஊதினேன். அவள நாளைக்கு வேலைக்கு அனுப்பு."

அந்தப் பக்கம் அண்ணன் சிரிப்பது அவளுக்கே கேட்டது.

"அலமாரி உச்சியில இருக்கறத நீங்க எப்படிப்பா ஊதுவீங்க? அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதீங்க. சாப்பிட்டீங்களா? மூச்சு எப்படி இருக்கு?"

அப்பா மகளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். சாப்பிடப் போகிறேன், நீ சாப்பிட்டாயா, பேரப்பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று மெதுவாக ஆரம்பித்து முப்பத்தைந்து நிமிஷம் பேசினார். அதற்குள் ஏழு மணி தாண்டிவிட்டது. கடைசியில் போன் அவள் கைக்கு வந்தது.

"இருபது நிமிஷம் பொறுக்க முடியலியா உனக்கு?" என்றார் அண்ணன். "சரி விடு, திரும்ப முதல்லேருந்து."

"சரிண்ணா" என்றாள் கடைக்குட்டி.